கலங்கல் நீரில் தொடங்கிய கதை

ஆனி பிறந்து மழை பிடித்துவிட்டால் நாடுகாணியில் குடைக்கு ஓய்வில்லை. கூடலூரிலிருந்து வரும் சாலை அந்தச் சிற்றூரில் இரண்டாகப் பிரியும். ஒன்று சுரம் இறங்கி நிலம்பூருக்குப் போகும். மற்றொன்று தேவாலா, பந்தலூர் என்று தேயிலைத் தோட்டங்களுக்குள் நுழையும். மழை நாளில் தேயிலைச் செடிகளின் அடியில் அட்டைகள் காத்துக் கிடக்கும். கொழுந்து பறிக்கப் போகும் பெண்களிடம் அதற்கு ஓர் ஆயுதம் உண்டு: பழைய துணியில் முடிந்த ஒரு கைப்பிடி உப்பு. ஈரமான அந்த முடிச்சை வைத்து ஒற்றினால் போதும், கெண்டைக்காலில் ஒட்டிய அட்டை சுருண்டு விழுந்துவிடும். மிச்ச உப்பு அடுப்பங்கரையில் பாக்கெட்டோடு இருக்கும். பாக்கெட்டை யாரும் இரண்டாவது முறை பார்ப்பதில்லை. அதற்குப் பின்னால் ஒரு ராணுவ மருத்துவர் வேண்டுமென்றே குடித்த அழுக்கு நீர் இருக்கிறது என்று சொன்னால் நம்பவும் மாட்டார்கள்.

1811-ல் ஐரோப்பா முழுக்க நெப்போலியனின் போர்கள். வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பைப் பாரிஸில் காய்ச்சிக்கொண்டிருந்தார் பெர்னார் கூர்துவா. கடற்பாசியை எரித்த சாம்பலிலிருந்து தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, பாத்திரத்தில் தங்கிய கசடைக் கந்தக அமிலத்தால் கழுவுவது அவருடைய வழக்கம். ஒருநாள் அமிலம் அளவுக்கு மேல் விழுந்துவிட்டது. பாத்திரத்திலிருந்து குப்பென்று ஊதா நிறப் புகை எழுந்தது. குளிர்ந்த இடத்தில் படிந்து கருநிறப் படிகமாக மின்னியது. புதிதாக ஏதோ கையில் சிக்கியிருக்கிறது என்று கூர்துவாவுக்குப் புரிந்தது. மேற்கொண்டு ஆராயக் காசில்லை. படிகத்தை நண்பர்களிடம் கொடுத்துவிட்டு வெடியுப்புக்குத் திரும்பினார். ஊதாவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு அயோடின் என்று பெயர் வைத்தார்கள். அதனால் என்ன பயன் என்று சொல்லத்தான் ஆளில்லை.

அந்த ஆள் ஜெனிவாவில் இருந்தார். மலைநாடான சுவிட்சர்லாந்தில் ஊருக்கு ஊர் கழுத்துக் கழலை. முன்கழுத்தில் எலுமிச்சை அளவில் தொடங்கும் வீக்கம் சிலருக்குத் தேங்காய் அளவுக்குத் தொங்கும். எரித்த கடற்பஞ்சின் சாம்பலைக் கொடுப்பது பழைய கைவைத்தியம். கடற்பாசிச் சாம்பலில் அயோடின் இருக்குமென்றால் கடற்பஞ்சுச் சாம்பலிலும் இருக்கலாமே என்று கணக்குப் போட்டார் மருத்துவர் ழான் பிரான்சுவா குவாந்தே. 1820-ல் அயோடினையே மருந்தாகக் கொடுத்தார். கழலைகள் சுருங்கின. ஊரே அயோடின் கேட்டு வந்தது. அளவு தெரியாமல் குடித்தவர்களுக்கு நெஞ்சு படபடத்தது, உடல் இளைத்தது. மருந்துக்கு விஷம் என்று பெயர் வந்தது. 1850-களில் பிரான்சில் அடோல்ஃப் ஷாத்தேன் என்ற தாவரவியலாளர் ஊர் ஊராக நீரையும் மண்ணையும் சோதித்து, அயோடின் குறைந்த இடத்தில்தான் கழலை வருகிறது என்று சொன்னார். பிரெஞ்சு அறிவியல் அகாதமி அதை ஏற்கவில்லை. சரியான விடை கையில் கிடைத்தும் நழுவிப் போயிற்று. அடுத்த அரை நூற்றாண்டு அதே கேள்வி வேறு வழியில் அலைந்தது.

நீரில்தான் சூட்சுமம் என்பதை மட்டும் மலைவாசிகள் ஒருநாளும் சந்தேகித்ததில்லை. ஆல்ப்ஸ் மலையில் 'கழலைக் கிணறு' என்றே பெயர் எடுத்த ஊற்றுகள் இருந்தன. கட்டாயப் படைச் சேவையிலிருந்து தப்ப நினைத்த இளைஞர்கள் தேடிப் போய் அந்த நீரைக் குடித்தார்கள் என்று பதிவுகள் சொல்கின்றன. நீரில் ஏதோ ஒன்று இருப்பதால் நோய் வருகிறதா, ஏதோ ஒன்று இல்லாததால் வருகிறதா? பாஸ்டர், கோக் ஆகிய விஞ்ஞானிகள் கிருமிகளைக் காட்டிய பிறகு உலகம் முதல் பக்கம் சாய்ந்தது. காலராவும் டைபாய்டும் அழுக்கு நீரில் வரும்போது கழலை மட்டும் ஏன் வரக்கூடாது? அதை நேரில் பார்த்தே தீர்வது என்று ஓர் இளைஞர் கிளம்பினார்.

ராபர்ட் மெக்காரிசன் அயர்லாந்தின் வடபகுதிக்காரர். 1901-ல் தமது 23 வயதில் இந்திய மருத்துவப் பணிக்காக வந்து இறங்கினார். முதலில் சித்ரால், பிறகு கில்கிட். இமயமும் காரகோரமும் நெருங்கி நிற்கும் அந்த எல்லைப்புறத்தில் நோயாளிகளைத் தேடி அவர் போக வேண்டியிருக்கவில்லை. சந்தையில் எதிரே வருபவர்களில் பலருக்குக் கழுத்து வீங்கியிருந்தது. அதைவிடக் கொடுமை குழந்தைகளின் நிலை. காது கேளாமலும் பேச்சு வராமலும் வளர்ச்சி நின்றும் பிறந்த குழந்தைகள் பல வீடுகளில் இருந்தார்கள். கழலை உள்ள தாய்க்கே இப்படிப் பிறப்பதை அவர் குறித்துக்கொண்டார். அடுத்து அவர் பார்த்தது ஒரு வாய்க்காலை.

கில்கிட்டில் ஒரே வாய்க்கால் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பல ஊர்களுக்கு ஓடியது. முதல் ஊர் குளித்து, துவைத்து, மாடு கழுவிவிட்ட நீரை இரண்டாவது ஊர் குடித்தது. எருப்போட்ட வயலின் வடிநீரும் அதே வாய்க்காலில்தான் விழுந்தது. மெக்காரிசன் ஊர் ஊராக உட்கார்ந்து கழுத்துகளை எண்ணினார். தலைமடை ஊரில் 100 பேரில் ஏறத்தாழ 12 பேருக்குக் கழலை. கீழே இறங்க இறங்க எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. கடைமடை ஊரில் 100-க்கு ஏறத்தாழ 45. நீர் ஒன்று, மலை ஒன்று, மக்கள் ஒன்று. கூடிக்கொண்டே போனது அழுக்கு மட்டும்தான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? மெக்காரிசனுக்கு இன்னும் ஒரு சாட்சி வேண்டியிருந்தது. அது அவருடைய சொந்தக் கழுத்து.

கழலை மிகுந்த ஊரின் நீரை வடிகட்டினார். வடிகட்டியில் தங்கிய வண்டலை வழித்தெடுத்துத் தாமும் குடித்தார், சம்மதித்த மற்றவர்களுக்கும் தினமும் கொடுத்தார். இன்னொரு கூட்டத்துக்கு அதே வண்டலைக் கொதிக்க வைத்துக் கொடுத்தார். கொதிக்காத வண்டலைக் குடித்தவர்கள் சிலருக்குக் கழுத்து வீங்கத் தொடங்கியது. மெக்காரிசனின் கழுத்தும் வீங்கியது. கொதித்த வண்டலைக் குடித்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. குடலைச் சுத்தப்படுத்தும் தைமால் மருந்தைக் கொடுத்தபோது புதிதாக வந்த கழலைகள் வடிந்தன. இன்று எந்த நெறிக்குழுவும் இதற்கு அனுமதி தராது, தரவும் கூடாது. ஆனால் பிறருக்குக் கொடுத்ததைத் தாமும் குடித்த மனிதர் அவர். 1913-ல் லண்டனில் மருத்துவர்களின் ராயல் கல்லூரியில் மில்ராய் சொற்பொழிவுகளாக இதையெல்லாம் எடுத்துரைத்தார். நீரில் கலந்த மலத்தில் உள்ள உயிருள்ள கிருமியே கழலைக்குக் காரணம் என்பது அவருடைய முடிவு. வழக்கு முடிந்தது போலவே தோன்றியது. அதைக் குலைக்க வந்தவை மீன்கள்.

அமெரிக்காவில் டிரவுட் மீன் பண்ணை ஒன்றில் மீன்களுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. நம் அவலாஞ்சியிலும் வளர்க்கிறார்களே, அந்த டிரவுட் குடும்பம்தான். தொட்டியிலிருந்து தொட்டிக்கு நீர் இறங்கும் அமைப்பு அது. கீழே போகப் போகக் கட்டி அதிகம். அச்சு அசல் கில்கிட் வாய்க்கால்! புற்றுநோய் என்று பயந்துபோய் டேவிட் மரைன் என்ற மருத்துவரை அழைத்தார்கள். இது புற்றல்ல, சாதாரணக் கழலை என்றார் மரைன். நீரில் துளி அயோடினைக் கலந்தார், கட்டிகள் கரைந்தன. 1917-ல் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரப் பள்ளிச் சிறுமிகளிடம் அதையே செய்து பார்த்தார். அயோடின் சாப்பிட்ட 2,190 பேரில் 5 பேருக்கு மட்டும் கழலை. சாப்பிடாத 2,305 பேரில் 495 பேருக்கு. 1922 முதல் சுவிட்சர்லாந்தும் 1924-ல் அமெரிக்காவின் மிச்சிகனும் அயோடினைக் கலப்பதற்கு எல்லார் வீட்டிலும் இருக்கும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்தன. இந்தியாவுக்கு அந்தச் செய்தி வந்து சேர வேண்டிய நேரத்தில் மெக்காரிசன் எங்கே இருந்தார்?

குன்னூரில். 1918-ல் அங்குள்ள பாஸ்டர் நிலையத்தில் ஓர் அறையை ஒதுக்கிக்கொண்டு, அரிசியும் பெரிபெரி நோயும் பற்றி ஆராய உட்கார்ந்தார். 1923-ல் அரசின் சிக்கனக் கத்தி அந்த அறையின் மேல் விழுந்தது, ஆய்வு நின்றது. இரண்டு ஆண்டில் மீண்டும் துளிர்த்தது. எலிக் கூண்டுகள் பெருகின. கோயம்புத்தூர் வேளாண் ரசாயனர் பி. விஸ்வநாத் உள்ளிட்டோருடன் சேர்ந்து மண்ணிலும் நீரிலும் உள்ள அயோடினுக்கும் கழலைக்கும் என்ன உறவு என்று 1927-ல் கட்டுரை வெளியிட்டார் மெக்காரிசன். கிருமியைத் தேடிப் புறப்பட்டவர் அயோடினை எடைபோடும் இடத்துக்கு வந்திருந்தார். ஆனால் அழுக்குக்கும் இதில் பங்கு உண்டு என்ற நம்பிக்கையை அவர் விடவில்லை. அந்த ஓர் அறை 'ஊட்டச்சத்து ஆய்வுக் கூடங்கள்' என்ற நிறுவனமாக வளர்ந்தது. 1935-ல் அவர் ஓய்வுபெற்றுக் கப்பலேறினார். கில்கிட் கேள்வி விடையில்லாமல் குன்னூரிலேயே தங்கிவிட்டது.

அதை எடுத்துக்கொண்டு போனவர் ஸ்ரீகாகுளத்தில் பிறந்து விசாகப்பட்டினத்தில் மருத்துவம் படித்த வி. ராமலிங்கசுவாமி. நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டி குன்னூர் கூடத்தில் நோய்க்குறியியலாளராகச் சேர்ந்தார். அங்கே இருக்கும்போதே ஆக்ஸ்ஃபோர்டு போய் முனைவர் பட்டம் வாங்கித் திரும்பினார். சத்துக்குறைவு உடலுக்குள் என்னென்ன செய்யும் என்பதைக் கண்ணால் பார்த்துப் பழகியது குன்னூரில்தான். 1956-ல் சக மருத்துவர்களோடு காங்ரா பள்ளத்தாக்குக்குப் போனார். இன்று இமாசலத்தில் இருக்கும் காங்ரா அன்று பஞ்சாபில் இருந்தது. பரிசோதித்தவர்களில் 10 பேருக்கு ஏறத்தாழ 4 பேர் கழலையோடு இருந்தார்கள். மெக்காரிசன் கண்ட அதே இமயம், அதே கழுத்து. ஆனால் ராமலிங்கசுவாமி வாய்க்காலைத் தொடவேயில்லை.

பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்தார்கள். எந்தப் பகுதியிலும் நீரில் கை வைக்கவில்லை. முன்பு குடித்த ஓடையையே எல்லாரும் குடித்தார்கள். மாற்றியது உப்பை மட்டும். ஏழையோ பணக்காரனோ உப்பில்லாமல் உலை இறக்க முடியாது. அதையும் தினமும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் தின்ன முடியும். முதல் பகுதிக்குப் பொட்டாசியம் அயோடைடு கலந்த உப்பு. மூன்றாவது பகுதிக்குப் பொட்டாசியம் அயோடேட் கலந்த உப்பு. நடுப்பகுதிக்குச் சாதாரண உப்பு. ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு என்று ஆறு ஆண்டுகள் ஓடின. நடுப்பகுதிப் பிள்ளைகளை நினைத்தால் மனம் கனக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த ஒப்பீடு இல்லாமல் எந்த அரசும் அசைந்திருக்காது. 1962-ல் மறுபடி கழுத்துகளை எண்ணினார்கள்.

அயோடின் உப்பு தின்ற இரண்டு பகுதிகளிலும் கழலை வெகுவாக இறங்கியிருந்தது. நடுப்பகுதியில் இருந்தது இருந்தபடியே இருந்தது. அன்றிலிருந்து நடுப்பகுதிக்கும் அயோடின் உப்பு போயிற்று. சில ஆண்டுகளில் அங்கேயும் கழலை வடிந்தது. விடை இவ்வளவு எளிது. பனியும் மழையும் காலங்காலமாக மலைமண்ணின் அயோடினைக் கரைத்து ஆற்றோடு அனுப்பிவிடுகின்றன. அந்த மண்ணில் விளைந்த தானியத்தில் அயோடின் இல்லை. அதைத் தின்ற தாயிடம் இல்லை. அவள் வயிற்றில் வளரும் குழந்தையின் மூளைக்கும் கிடைப்பதில்லை. தைராய்டு சுரப்பி இல்லாத அயோடினைத் தேடித் தேடிப் பருக்கிறது. கோணிப்பையில் ஈரம் பட்டாலும் அவ்வளவு எளிதில் ஓடிவிடாத சேர்மம் அயோடேட் என்பதால் நம் நாட்டு உப்புக்கு அதுவே நிலைத்தது. 1962-லேயே தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டமும் பிறந்தது. பிறந்த குழந்தை இருபது ஆண்டுகள் தவழ்ந்துகொண்டே இருந்தது.

கழலை என்பது இமயத்து அழகுக் குறை, அவ்வளவுதான் என்ற அலட்சியமே அதற்குக் காரணம். அந்த எண்ணத்தை உடைத்தது உத்தரப் பிரதேசத்தின் கோண்டா மாவட்டம். ராமலிங்கசுவாமியின் குழுவில் வளர்ந்த என். கோச்சுப்பிள்ளையும் சக ஆய்வாளர்களும் அங்கே பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்தார்கள். கோண்டா மலை அல்ல, சமவெளி. அங்கேயும் கண் திறக்கும்போதே தைராய்டு குறைபாட்டோடு குழந்தைகள் பிறந்துகொண்டிருந்தன. கழுத்து வீங்குவது வெளியே தெரியும் பாதிதான். மூளை மந்தப்படுவது தெரியாத பாதி. ராமலிங்கசுவாமி அப்போது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநர். நாடு முழுவதும் உண்ணும் உப்பு அனைத்திலும் அயோடின் சேர்ப்பது என்று 1984-ல் முடிவானது. உப்பில் அரசு கை வைத்தால் இந்த நாடு சும்மா இருக்குமா?

தண்டியும் வேதாரண்யமும் கண்ட நாடு. 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து போய் அள்ளிய உப்பைப் பாக்கெட்டில் போட்டுச் சட்டத்தால் கட்டுவதா என்று குரல் எழுந்தது. சிறு உப்பளக்காரர்களின் பிழைப்புப் பயமும் பொய்யல்ல. அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்கு விற்பதற்கு 1998-ல் தடை வந்தது, 2000-ல் போனது, 2006-ல் திரும்ப வந்தது. 2011-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பழைய விதி செல்லாது என்றது. புதிய உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையில் அதே தடை இடம்பிடித்தது. உப்பு ஒருவழியாக நிலைபெற்றது. ஆனால் நீர் கதையை விட்டுப் போய்விடவில்லை.

கொலம்பியாவின் காக்கா பள்ளத்தாக்கில் அயோடின் உப்பு வந்த பிறகும் கழலை முழுதாகப் போகவில்லை. எதுவார்தோ காய்தான் என்ற மருத்துவர் குடிநீரைச் சோதித்து, தைராய்டைக் கெடுக்கும் பொருள்கள் அதில் கலந்திருப்பதைக் காட்டினார். நாடுகாணியிலிருந்து சுரம் இறங்கிக் கேரளத்தில் தெற்கே போனால் ஆலுவா வரும். அங்கே ராக்கெட் எரிபொருளுக்கான அம்மோனியம் பெர்குளோரேட் தயாரிக்கும் ஆலையின் பக்கத்தில், கீழ்மாடு ஊராட்சிக் கிணறுகளில் பெர்குளோரேட் கலந்திருப்பதைத் திருவனந்தபுரத்தின் தேசிய ஆய்வகம் கண்டுபிடித்தது. பெர்குளோரேட்டின் வேலை எளிது: தைராய்டின் வாசலில் நின்றுகொண்டு அயோடினை உள்ளே விடாது. உப்பில் அயோடின் இருந்தாலும் நீர் அதைத் தடுத்துவிடலாம். கில்கிட்டில் வண்டல் குடித்த மனிதர் பாதி தவறினார். மற்றப் பாதியில் அவர் தவறவில்லை. அயோடின் வறண்ட உடலில் அழுக்கு நீர் செய்யும் கேட்டை அவர் தம் கழுத்திலேயே பார்த்திருந்தார்.

அவர் ஓர் அறையில் தொடங்கிய குன்னூர் கூடம் 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. இன்று அது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அந்த மலையிலிருந்து கிளம்பிய கேள்வியின் விடை மட்டும் மலைக்கே திரும்பி வந்திருக்கிறது. நாடுகாணிப் பெண்கள் துணியில் முடிந்துகொள்ளும் அந்த உப்புதான் அது. ரேஷன் கடையில் கிடைக்கும் அரசு உப்பு ராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கத்தில் விளைகிறது. கடலில் விளைந்தாலும் உப்புக்குள் சொல்லிக்கொள்ளும்படி அயோடின் கிடையாது, சேர்த்தால்தான் உண்டு. சேர்க்கும் அயோடினோ பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. உலகில் மிக அதிகமாக அதை எடுப்பது சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில். ஒரு மனிதருக்கு எழுபது ஆண்டு வாழ்வுக்கு வேண்டிய அயோடின் மொத்தமும் ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கிவிடும். ஆனால் அதை ஒரே நாளில் தின்று சேமித்துவைக்க வழியில்லை. தினமும் 150 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு 250.

அட்டையை விரட்ட எந்த உப்பும் போதும். சமையலுக்கு வாங்கும் பாக்கெட்டில் சிறியதாக ஒரு சிரிக்கும் சூரியன் அச்சாகியிருந்தால், அயோடின் சேர்த்த உப்பு என்பதற்கான அரசு அடையாளம் அது. கடையில் கைக்கு வரும்போது அந்த உப்பின் ஒரு கிலோவில் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது சட்டம்.